நோக்கருக்கு என்ன வேலை? சார்பியலும் அதன் போட்டியாளர்களும்

கேட்கப்பட்ட கேள்வி இது: “சார்பியலில் எல்லாமே நோக்கரைப் பொறுத்தது என்கிறார்கள். அப்படியென்றால் உண்மை என்று ஒன்று கிடையாதா? ஐன்ஸ்டீனுக்கு மாற்றாக வந்த கோட்பாடுகளில் நோக்கருக்கு என்ன இடம்? நோக்கரே தேவைப்படாத சார்பியல் ஒன்று உண்டா?”

கடைசிக் கேள்விக்கு என் பதில், உண்டு. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அங்கே போவதற்கு முன்னால் கேள்வியின் முதல் வரியில் உள்ள ஒரு குழப்பத்தை எடுத்துவிட வேண்டும்.

சார்பியல் பேசும் நோக்கர் கண்ணால் பார்க்கும் ஆள் இல்லை. வெளி முழுக்கக் கடிகாரங்களை நட்டு, ஒளிச் சைகை அனுப்பி அவற்றை ஒத்திசைத்து, எங்கே எது நடந்தாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும் கடிகாரத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு. அதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மனமோ பிரக்ஞையோ தேவையில்லை, தானாகப் பதியும் கருவி போதும். பார்ப்பது வேறு, பதிவது வேறு என்பதை இயற்பியலாளர்களே பெரும்பாலும் அரை நூற்றாண்டு கவனிக்காமல் விட்டார்கள். வேகமாகப் போகும் கோளம் நீளவாக்கில் சுருங்குவதால் கண்ணுக்கும் தட்டையாகத் தெரியும் என்றே எழுதிவந்தார்கள். 1959இல் டெரலும் பென்ரோஸும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேறு விடை வந்தது. கோளத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒளி வந்துசேர வெவ்வேறு நேரம் பிடிப்பதால், புகைப்படத்தில் அதன் விளிம்பு வட்டமாகவே விழும். சுருக்கம் இருப்பது கணக்குப் புத்தகத்தில்.

ஒரே சொத்துக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருந்தால் பற்று வரவு எழுதும் முறை மாறலாம், சொத்து மாறாது. சார்பியலிலும் நீளம், கால இடைவெளி, இரண்டு நிகழ்வுகள் ஒரே சமயத்தில் நடந்தனவா என்பது, இவையெல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடும். ஒரு கடிகாரம் தன் பாதையில் எத்தனை முறை துடித்தது, இரண்டு துகள்கள் மோதினவா இல்லையா, காரணம் முந்தியதா காரியம் முந்தியதா என்பவை எல்லாப் புத்தகங்களிலும் ஒன்றே. 1905இல் சிறப்புச் சார்பியலுக்கு அடித்தளமாக ஐன்ஸ்டீன் வைத்த இரண்டு அடிகோள்களுமே (இயற்பியல் விதிகள் எல்லாருக்கும் ஒன்று, ஒளிவேகம் எல்லாருக்கும் ஒன்று) மாறாதவற்றைப் பற்றியவைதான். ‘சார்பியல்’ என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றிவிடுகிறது.

ஆக, ஒரு மாற்றுக் கோட்பாடு கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இதை: இதில் கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் சமமா, அல்லது ஒருவரிடம் மட்டும் அசல் கணக்கு இருக்கிறதா? ஒருவரிடம்தான் இருக்கிறது என்றால், அவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியை லோரன்ஸின் ஈதர் கோட்பாட்டிடம் கேட்பதுதான் மிக சுவாரஸ்யமானது. மாற்று என்று சொன்னாலும் அது ஐன்ஸ்டீனுக்கு முந்தியது. ஈதர் என்பது ஒளி அலைகளைச் சுமந்துகொண்டு வெளி முழுக்க நிறைந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட ஊடகம். 1887இல் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மோர்லியும் சுமார் 11 மீட்டர் ஒளிப்பாதை வைத்து, பூமி ஈதரில் நகர்வதைக் காட்டக்கூடியதாக, ஒளிக் குறுக்கீட்டுப் பட்டைகளில் 0.4 பட்டை இடப்பெயர்ச்சியை எதிர்பார்த்தார்கள். அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நகரும் பொருள் சுருங்குகிறது என்று 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும், சில ஆண்டுகளில் லோரன்ஸும் சொன்னார்கள். லோரன்ஸ் 1895இல் ‘இட நேரம்’ என்று ஒன்றைச் சேர்த்தார். அது வெறும் கணித வசதி இல்லை, தாங்கள் நகர்வதை அறியாத நோக்கர்கள் ஒளிச் சைகையால் கடிகாரங்களை ஒத்திசைத்தால் இயல்பாகக் கிடைப்பதுதான் என்று 1900இல் புவான்காரே காட்டினார்.

இதை எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். ஈதர் உண்மையிலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொள்வோம். ஓர் ஊர்தி, நின்றால் 300 மீட்டர் நீளம். அது ஒளிவேகத்தில் 60 சதவீத வேகத்தில் ஈதரில் போகிறது. லோரன்ஸ் கணக்குப்படி நீளம் 240 மீட்டராகச் சுருங்கிவிடும், உள்ளே இருக்கும் கடிகாரங்கள் 1.25 மடங்கு மெதுவாக ஓடும். இப்போது பின்முனையிலிருந்து ஒளியை முன்முனைக்கு அனுப்பி, கண்ணாடியில் பட்டுத் திரும்ப விடுகிறோம். போகும்போது முன்முனை ஓடிக்கொண்டே இருப்பதால் ஒளி அதை நெருங்குவது ஒளிவேகத்தில் 40 சதவீத வேகத்தில்தான். ஒளி 1 மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும் என்று வைத்தால், 240 மீட்டர் இடைவெளியை அடைக்க 2 மைக்ரோ விநாடி ஆகும். திரும்பும்போது பின்முனை எதிரே வருகிறது, 0.5 மைக்ரோ விநாடி போதும். மொத்தம் 2.5. ஊர்திக்குள் இருக்கும் மெதுவான கடிகாரம் இதை 2 என்று காட்டும்.

உள்ளே இருக்கும் நோக்கரின் நிலைமையைப் பாருங்கள். அவருடைய அளவுகோலும் சுருங்கிவிட்டதால் ஊர்தி அவருக்கு 300 மீட்டர்தான். ஒளி போய் வந்த தூரம் 600 மீட்டர், ஆன நேரம் 2 மைக்ரோ விநாடி. வேகம்? மைக்ரோ விநாடிக்கு 300 மீட்டர். ஈதரில் நிற்பவருக்குக் கிடைத்த அதே எண்!

இன்னும் இருக்கிறது. போக ஒன்று, வர ஒன்று என்று பாதியாகப் பிரித்து, ஒளி வந்த கணத்தில் முன்முனைக் கடிகாரத்தை 1 மைக்ரோ விநாடி என்று வைக்கிறார். ஈதரின் பார்வையில் அந்தக் கணத்தில் 2 மைக்ரோ விநாடி கழிந்திருக்கிறது, பின்முனைக் கடிகாரம் 1.6 காட்டிக்கொண்டிருக்கிறது. ஆக முன்முனைக் கடிகாரம் 0.6 பின்தங்கிவிட்டது. சுருங்கிய அளவுகோல், மெதுவான கடிகாரம், பிசகிய ஒத்திசைவு என்று மூன்று பிழைகள் சேர்ந்துகொண்டு ஒன்றையொன்று துப்புரவாக மூடிவிடுகின்றன. ஒளி வேண்டாம், பின்முனையிலேயே ஒத்திசைத்த கடிகாரத்தை மெல்ல முன்னால் தூக்கிப் போகிறேன் என்றாலும் தப்ப முடியாது. தூக்கிப் போகும் வேகத்தால் அதுவும் அதே 0.6 அளவுக்குப் பின்தங்கும், எவ்வளவு மெல்லப் போனாலும் சரி.

இந்தப் பிசகிய கடிகாரங்களைக் கொண்டு ஈதரில் நிற்கும் கடிகாரத்தை அவர் அளந்தால், அது மெதுவாக ஓடுவதாக அவருக்குத் தெரியும். 1.25 மடங்குதான், சரியாக. “நீ மெது, நான் மெது என்று இரண்டு பேரும் எப்படிச் சொல்ல முடியும்?” என்று ஹெர்பர்ட் டிங்கிள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டார். சார்பியலைப் பற்றி 1922இலேயே நூல் எழுதியவர் அவர், பிற்காலத்தில் எதிர்ப்பாளராக மாறினார். விடை இந்தப் பிசகில்தான் இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவரின் ஒரு கடிகாரத்தைத் தம்முடைய இரண்டு கடிகாரங்களோடு ஒப்பிடுகிறார்கள். அந்த இரண்டும் ஒத்திசைந்தவை என்பதில்தான் தகராறு. டிங்கிள் கடைசிவரை ஒத்திசைவைப் பார்க்காமல் ஓட்ட வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம்.

லோரன்ஸின் நோக்கர், அப்படியென்றால், ஏமாற்றப்பட்டவர். அசல் கணக்கு ஈதரில் நிற்பவரிடம் இருக்கிறது. ஆனால் யார் நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வழியும் கிடையாது. இந்தக் கோட்பாட்டைச் சோதனையால் வீழ்த்த முடியாது, ஏனென்றால் அதன் கணிப்புகள் அத்தனையும் சிறப்புச் சார்பியலின் கணிப்புகளே. 1938இல் ஐவ்ஸும் ஸ்டில்வெல்லும் ஹைட்ரஜன் அயனிகளின் நிறமாலையில் கால நீட்சியை, அதாவது நகரும் கடிகாரம் மெதுவாவதை, நேரடியாக அளந்தார்கள். இன்றைக்கும் பாடநூல்களில் அது சார்பியலின் சான்று. ஐவ்ஸ் ஐன்ஸ்டீனை ஏற்கவே இல்லை, தம் அளவீடு லோரன்ஸின் பக்கம் என்றே நினைத்தார். அவர் நினைத்ததில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. 1977இல் மன்சூரியும் செக்ஸலும் இதை முறைப்படி எழுதிக் காட்டினார்கள்: எல்லாக் கடிகாரங்களையும் ஏதாவது ஒரு சட்டகத்தின் (ஒரு கணக்குப்பிள்ளையின் கடிகார ஏற்பாட்டின்) நேரப்படி வைத்துக்கொண்டு ‘முழுமையான ஒரே சமயம்’ என்று பேசலாம், கணிப்பு எதுவும் மாறாது. எந்தச் சட்டகத்தைத் தேர்ந்தாலும் மாறாது என்பதுதான் அதில் உள்ள குத்து. ஒளியின் ஒருவழி வேகத்தை அளந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், தூரத்துக் கடிகாரத்தை எப்படி வைத்தீர்கள் என்று கேளுங்கள், போதும்.

ரிட்ஸின் கோட்பாடு இதற்கு நேர் எதிர், வேகமாகச் சொல்லிவிடலாம். 1908இல் வால்டர் ரிட்ஸ், ஒளி துப்பாக்கிக் குண்டு மாதிரி, மூலத்தின் வேகமும் அதோடு சேரும் என்றார். நோக்கருக்கு இங்கே பழைய கலிலியோ காலத்து வேலைதான்: வேகங்களைக் கூட்டுவது, கழிப்பது. கடிகாரம் பிசகாது, அளவுகோல் சுருங்காது, மைக்கல்சன்–மோர்லி முடிவும் தானாக வந்துவிடும். ஆளைக் கவிழ்த்தது இரட்டை விண்மீன்கள். நம்மை நோக்கி வரும்போது புறப்பட்ட ஒளி, விலகும்போது முன்னதாகப் புறப்பட்ட ஒளியை வழியில் முந்திவிடும், சுற்றுப்பாதை அலங்கோலமாகத் தெரியும் என்று 1913இல் டி சிட்டர் சொன்னார். அப்படி எதுவும் தெரியவில்லை. இடையில் உள்ள வாயு ஒளியை உறிஞ்சி மறுபடி உமிழ்வதால் மூல வேகம் மறைந்துபோகலாம் என்று ஓர் ஆட்சேபம் இருந்தது, நியாயமான ஆட்சேபம். 1964இல் செர்ன் ஆய்வகத்தில் ஒளிவேகத்தின் 0.99975 பங்கு வேகத்தில் பறந்த பையான் என்ற துகள்கள் சிதைந்து வெளிவந்த காமா கதிர்களின் வேகத்தை அளந்ததும் அதுவும் அடங்கியது. கதிர்கள் சாதாரண ஒளிவேகத்தில்தான் வந்தன.

எட்வர்ட் மில்ன் 1930களில் செய்தது எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தமானது, தோற்ற கோட்பாடுதான் என்றாலும். மற்றவர்கள் நோக்கரின் அதிகாரத்தைக் குறைத்தார்கள், இவர் எல்லா அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்தார். அளவுகோலே வேண்டாம் என்றார். ஒவ்வொரு நோக்கரிடமும் ஒரு கடிகாரம், ஒளிச் சைகை அனுப்பி எதிரொலி வாங்கும் வசதி, அவ்வளவுதான். அனுப்பிய நேரம், திரும்பிய நேரம் இரண்டிலிருந்தும் தூரத்தைக் கணித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட நோக்கர்கள் எல்லாரும் சமம் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து பேரண்டம் முழுவதையும் வருவித்துவிட முயன்றார். கடிகாரத்தின் படியை மாற்றினால் விரியும் பேரண்டம் அசையாத பேரண்டமாகக்கூட எழுதப்படலாம் என்றும் காட்டினார், இரண்டு கால அளவுகள் வைத்துக்கொண்டு. பிரச்சினை என்னவென்றால், ஈர்ப்பு அதில் உருப்படியாக வரவே இல்லை. இன்றைக்கு ‘மில்ன் பேரண்டம்’ என்பது ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் பொருளே இல்லாத வெற்றுப் பேரண்டத்தின் பெயராக மிஞ்சியிருக்கிறது. ஆனால் அவருடைய நோக்கர் செத்துவிடவில்லை. ஹெர்மன் பாண்டி பிற்பாடு சார்பியலைச் சொல்லிக்கொடுக்க அதே எதிரொலி முறையைத்தான் எடுத்துக்கொண்டார். 1983 முதல் மீட்டர் என்பதே ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம். கடிகாரம் போதும், அளவுகோல் வேண்டாம்.

சரி, இக்காலத்துக்கு வருவோம். ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் கோட்பாட்டை, குவாண்டம் ஈர்ப்பை, தேடுபவர்களுக்கு ஒரு நெருடல் உண்டு. பிளாங்க் நீளம் என்று ஒன்று, தசமப் புள்ளிக்குப் பிறகு 34 சுழியங்கள் போட்டு 16 என்று எழுதினால் வரும் மீட்டர் அளவு. அதற்குக் கீழே வெளியின் இயல்பே மாறிவிடலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். நீளம் நோக்கருக்கு நோக்கர் சுருங்குமென்றால், யாருடைய பிளாங்க் நீளம்? 2000ஆம் ஆண்டு வாக்கில் ஜியோவானி அமெலினோ-கமேலியாவும், அடுத்து மகேய்ஜுவும் லீ ஸ்மோலினும் ஒரு வழி சொன்னார்கள். ஒளிவேகம் எல்லாருக்கும் ஒன்று என்பதுபோல பிளாங்க் அளவும் எல்லாருக்கும் ஒன்று என்று வைத்து, ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் விதியைத் திருத்திவிடலாம். ‘இரட்டைச் சிறப்புச் சார்பியல்’ என்று பெயர். நோக்கர்கள் எல்லாரும் சமமாகவே இருக்கிறார்கள், ஈதர் இல்லை, மாறாத அளவுகள் இரண்டு. கேட்கவே நன்றாக இருக்கிறது.

சிக்கல்கள் அப்புறம்தான் வந்தன. இந்த வகையின் சில வடிவங்களில் ஒளியின் வேகம் அதன் ஆற்றலைப் பொறுத்துச் சற்றே மாறும். 2010இல் சபீன் ஹாசன்ஃபெல்டர் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: மிக வேறுபட்ட ஆற்றல் கொண்ட இரண்டு ஒளித்துகள்கள் ஒரு நோக்கரின் கணக்குப்படி ஒரே புள்ளியில் வந்து சந்தித்து ஏதோ ஒரு வினையைக் கிளப்புகின்றன, இன்னொரு நோக்கரின் கணக்குப்படி அவை கணிசமான தூரத்தில் ஒன்றையொன்று தவறவிட்டுவிடுகின்றன. வினை நடந்ததா, நடக்கவில்லையா? சொத்தே தகராறில் மாட்டிக்கொண்டது. இங்கே கணக்குப்பிள்ளைகள் வேறுபடக் கூடாது, வேறுபட்டால் கோட்பாடே இல்லை.

2011இல் வந்த பதில் துணிச்சலானது. அமெலினோ-கமேலியா, ஸ்மோலின் உள்ளிட்ட நால்வர், இருப்பிடமும் சார்புடையதுதான் என்று சொல்லிவிட்டார்கள். நிகழ்வுக்குப் பக்கத்தில் இருக்கும் நோக்கருக்கு அது எப்போதும் ஒரே புள்ளியில்தான் நடக்கும். தூரத்தில் இருப்பவர் தம் ஆயங்களில் எழுதும்போதுதான் சிதறியதுபோல ஆகும், அந்தச் சிதறல் அவருடைய கணக்கு முறையின் கோளாறு. ஐன்ஸ்டீன் ‘ஒரே சமயம்’ என்பதைப் பொதுச் சொத்திலிருந்து எடுத்தார், இவர்கள் ‘ஒரே இடம்’ என்பதையும் எடுக்கிறார்கள். நியாயமான நகர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் ஹாசன்ஃபெல்டரின் கேள்விக்கு இது முழுப் பதிலா என்பதில் துறைக்குள் ஒத்த கருத்து இல்லை. இன்னொரு தலைவலியும் உண்டு. ஒற்றைத் துகளுக்குப் பிளாங்க் ஆற்றல் உச்ச வரம்பு என்று வைத்தால், அதற்குச் சமமான நிறை சுமார் 22 மைக்ரோகிராம். ஒரு கால்பந்து அதைவிடச் சுமார் இரண்டு கோடி மடங்கு கனம், நிம்மதியாக உருண்டுகொண்டிருக்கிறது. துகள்களின் விதி பந்துக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்குத் ‘கால்பந்துச் சிக்கல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதற்கிடையே வானம் தன் தீர்ப்பைச் சொன்னது. 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிந்த காமா கதிர் வெடிப்பு ஒன்றின் ஒளி 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருந்தது. அதில் 3,100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட ஓர் ஒளித்துகள், வெடிப்பு தொடங்கி ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. ஒளிவேகம் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது என்ற எளிய வடிவத்துக்கு, பிளாங்க் அளவிலேயே இடமில்லாமல் செய்துவிட்டது அந்தத் துகள்.

ஈதர் வேறு வேடத்தில் திரும்பியதையும் சொல்லிவிட வேண்டும். 2001இல் ஜேக்கப்சனும் மாட்டிங்லியும் முன்வைத்த ‘ஐன்ஸ்டீன்–ஈதர்’ கோட்பாட்டில், வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் காலத்தின் திசையில் ஓர் அம்பு நடப்பட்டிருக்கிறது. அந்த அம்போடு ஒட்டிப் போகிறவர்தான் சிறப்பு நோக்கர். லோரன்ஸின் ஈதரைவிட இது எனக்கு மதிப்பாகத் தோன்றுவது ஒரே காரணத்துக்காக: இது ஒளிந்துகொள்ளவில்லை. ஈர்ப்பலையின் வேகம், பல்சார்களின் (துடிப்பு விண்மீன்களின்) சுற்றுப்பாதை என்று பல இடங்களில் சிறப்பு நோக்கர் தன்னைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். 2017 ஆகஸ்ட் 17இல் 13 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து நியூட்ரான் விண்மீன் மோதலின் ஈர்ப்பலை வந்து, 1.7 விநாடி கழித்து காமா கதிரும் வந்தது. இரண்டின் வேகமும் ஏறத்தாழ பதினைந்தாவது தசம இடம்வரை ஒன்றே என்று ஆனதும், இந்தக் கோட்பாட்டின் அளபுருக்களுக்கு இருந்த விசாலமான இடம் ஒரு கீற்றாகச் சுருங்கியது. கோட்பாடு சாகவில்லை, ஒடுங்கிக் கிடக்கிறது.

“அண்டப் பின்னணிக் கதிர்வீச்சுதான் சிறப்புச் சட்டகம் ஆயிற்றே, அதைப் பொறுத்துச் சூரியன் விநாடிக்கு 370 கி.மீ. போகிறது என்று அளந்திருக்கிறார்களே” என்று இந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். பெருவெடிப்பிலிருந்து மிஞ்சி வானமெங்கும் நிறைந்திருக்கும் அந்தக் கதிர்வீச்சை வைத்து அளந்தது உண்மை. ஆனால் 1632இல் கலிலியோ கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே, மூடிய அறைக்குள் இருந்துகொண்டு சோதனை செய்யச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சன்னலைத் திறந்து கரையைப் பார்த்து, கப்பல் நகர்கிறது என்று சொல்வதை எந்தச் சார்பியலும் தடுக்கவில்லை. பின்னணிக் கதிர்வீச்சை அளப்பது சன்னலைத் திறப்பது. அறைக்குள் இருக்கும் ஊசலும் கடிகாரமும் அந்த 370 கி.மீ. வேகத்தை உணர்ந்தால்தான் விதியில் விரிசல். இதுவரை உணரவில்லை.

இனி அந்த நோக்கரே தேவைப்படாத சார்பியல். 1908இல் மின்கோவ்ஸ்கி சிறப்புச் சார்பியலை நாற்பரிமாண வடிவியலாக எழுதியபோதே அது வந்துவிட்டது. ஒரு பாதைக்கு உரிய காலம், அதாவது அந்தப் பாதையில் போகும் கடிகாரம் காட்டும் நேரம், என்பது இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள சாலையின் நீளம் மாதிரி, யார் வரைபடம் வரைந்தாலும் மாறாது. 1977இல் செர்னில் 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் மியூவான் என்ற, விரைவில் சிதையும் துகள்களைச் சுற்ற விட்டார்கள். நின்றால் அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி, அந்த வளையத்தில் சுமார் 15 சுற்றுக்குப் போதும். அவை சராசரியாகச் சுமார் 440 சுற்று வந்தன. கடிகாரம் ஈதரில் மெதுவாகிவிட்டது என்று லோரன்ஸ் சொல்வார், அந்தப் பாதைக்கு உரிய காலம் அவ்வளவு குறைவு என்று மின்கோவ்ஸ்கி சொல்வார். நீளத்தையும் நேரத்தையும் எந்தக் கணக்குப்பிள்ளை எப்படி எழுதினாலும், சுற்று 440தான்.